சென்னையில் மூளையறுவை

மூளையின் ஆழத்துப் புள்ளியொன்றை அளந்து குறித்து, அங்குக் கருவிமுனையைச் செலுத்தும் முறையை 1947இல் ஸ்பீகல், வைசிஸ் என்போர் பிலடெல்பியாவிலே மனிதர்க்குக் கையாண்டனர். 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் பி. இராமமூர்த்தியும், உடனுழைத்த வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோரும் 1960களில் அதனைத் தமிழகத்தில் வளர்த்தனர். கவளத்தை வாய்க்குக் கொண்டுசெல்ல இயலாத நடுக்குவாத நோயாளர்க்கு அது பெருந்துணையாயிற்று. ஆயின், அடங்காச் சினமுடைய சிறுவர்க்கும் அமிக்டலா என்னும் மூளைப்பகுதி அழிக்கப்பட்டது. நடுக்குற்றவன் தானே இசைந்தான். சிறுவனுக்காக இசைந்தோர் பிறர். அழிந்த பகுதியோ மீள்வதில்லை. 1987இல் பிரான்சு நாட்டுப் பெனாபித், அழிக்காமலே இடையறா மின்தூண்டலால் நடுக்கத்தை அடக்கினார். மின்னோட்டத்தை நிறுத்தினால் அதன் விளைவும் நீங்கும். கனகா மூளையினுள் மின்முனை பதித்தது 1975இலேயே.