அடைக்கோழியும் அரவும்: ஒரு புழக்கடை வரலாறு

ஆரணிக்குப் போர்க்கள வரலாறு உண்டு. 1751-இல் ராசா சாகிபின் படையைக் கிளைவ் இங்கே முறியடித்ததையும், 1782-இல் அயர் கூட்டின் படை ஹைதர் அலியின் படையோடு இதே ஊரருகே மோதியதையும் நூல்கள் விரிவாகவே சொல்கின்றன. நாம் இங்கே எழுதப்புகுவது புழக்கடையின் வரலாறு. வீட்டுக்கோழியையும் அதைத் தேடிவரும் பாம்பையும் அந்தப் பாம்பைத் தேடிவந்த மனிதரையும் பற்றியது. இதற்கும் வரலாறா என்று நகைக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க!

வீட்டுக்கோழியின் அச்சத்தைத் தமிழில் முதலில் பதிவு செய்தவருள் ஒருவர் ஒக்கூர் மாசாத்தியார். குறுந்தொகையின் 139-ஆம் பாடலில், மாலைப்பொழுதில் வேலியோரம் காட்டுப்பூனைகள் வந்து நிற்கக் கண்ட பெட்டைக்கோழி, தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. தலைவனைச் சூழ்ந்து எழும் அலருக்கு உவமையாக வருவது அந்தக் கூவல். வகுப்பில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் நமக்கு ஓர் எண்ணம் எழும். புலவர் எங்கள் பக்கத்தில் வாழ்ந்திருந்தால் வேலியோரம் நின்றது வெருகாக இருந்திராது, பாம்பாகத்தான் இருந்திருக்கும்.

சேவலுக்குத் தமிழகம் நடுகல்லே எடுத்திருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும், மதுராந்தகத்தை அடுத்த இந்தளூரிலும் சண்டையில் மாண்ட சேவல்களுக்கு உருவமும் எழுத்தும் பொறித்த கற்கள் கிடைத்துள்ளன. ஒன்று மேற்சேரிக் கோழி, மற்றொன்று கீழ்ச்சேரிக் கோழி. குஞ்சு காக்கப் போராடி மடிந்த பெட்டைக்குக் கல் நட்டதாக நாம் அறியோம்.

இனி நிலத்துக்கு வருவோம். ஆரணி கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஊர். ஆற்றின் பெயரிலேயே நாகம் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி இது மணலாகவே கிடக்கும். முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். சித்திரை நண்பகலில் எங்கள் ஆற்றைக் கடந்தவர்க்கு அந்த விளக்கத்துக்கு உரை வேண்டாம். வெளியே மணல் கொதிக்கையில் குளிர்ந்த, இருண்ட, ஈரமான இடத்தைப் பாம்பு நாடும். நெசவாளர் வீட்டில் அப்படி ஓர் இடம் ஆயத்தமாகவே இருந்தது. அதுதான் தறிக்குழி. நெய்பவர் காலைத் தொங்கவிட்டு மிதியை இயக்கும் பள்ளம் அது. காலையில் தறியில் அமர்வதற்கு முன் குழியில் ஒரு கழியை விட்டுத் துழாவிப் பார்ப்பது எங்கள் தெருவில் பல் துலக்குவது போன்ற அன்றாடச் செயல்.

பாம்பை உள்ளே இழுத்தது குளிர்ச்சி மட்டுமன்று. பாவுக்குப் போடுவது அரிசிக் கஞ்சி. கஞ்சியின் மணத்துக்கு எலி வரும். பட்டை எலி கடித்தால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு போகும். பட்டைப் போலவே அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர் இது. நெல் ஆலைகளும் எலிகளை வளர்த்தன. போதாக்குறைக்குக் கோழிக்கு இறைத்த நொய்யில் எஞ்சியது இரவில் எலிக்கு விருந்தாயிற்று. ஆக, எலியைத் தேடி வந்த பாம்புக்கு வழியில் கிடைத்த கூடுதல் உணவே முட்டையும் குஞ்சும். சாரையும் நல்லபாம்பும் இவ்வாறு கோழிக்கூட்டில் புகும். கட்டுவிரியனுக்குக் கோழியின்மேல் நாட்டமில்லை. ஆனால் அதுதான் தரையில் உறங்குவோரை நள்ளிரவில் வலி தெரியாமல் கடித்துச் செல்வது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆடி வெள்ளியில் புற்றுக்குப் பாலூற்றி முட்டை வைக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் வலுவாக உள்ளது. அருகிலுள்ள படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடியில் கூட்டம் அலைமோதும். பஞ்சாரத்திலிருந்து பாம்பு திருடினால் கழியெடுக்கும் அதே கை, வெள்ளிக்கிழமை முட்டையைத் தானே கொண்டுபோய்ப் புற்றில் வைக்கும்!

நாம் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஆண்டு. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் ஆயா இருந்தார். சிறுவிடைக் கோழி ஒன்றைப் பன்னிரண்டு முட்டைகளோடு அடை வைத்திருந்தார். ஒரு மாலை, விளக்கேற்றும் நேரம், கோழி கத்தியது. மின்சாரம் இல்லை. கோழிதான் கொத்துகிறது என்றெண்ணிக் கூடைக்குள் கையை விட்டார். கொத்தியது நல்லபாம்பு. கைக்கு இறுகக் கயிறு கட்டினார்கள், பக்கத்து ஊர் மந்திரிப்பவரிடம் கொண்டு சென்றார்கள். வேப்பிலையும் பச்சிலைச் சாறுமாக இரண்டு மணி நேரம் கழிந்தது. இமை சரிந்து பேச்சுக் குழறிய பின்னரே மருத்துவமனை நினைவு வந்தது. வழியிலேயே உயிர் பிரிந்தது.

மறுநாள் வரப்பில் எலி பிடிக்கும் இருளர் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். வில்லியர் என்றும் இவர்களைச் சொல்வர். 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூல் செங்கற்பட்டு, வடார்க்காடு, தென்னார்க்காடு மாவட்ட இருளரைப் பற்றிப் பேசுகிறது. பெரியவர் புழுதியில் குனிந்து தடம் பார்த்தார், நேரே தறிக்குழிக்குச் சென்றார், கடப்பாறை முனையால் சுவரோரப் பொந்தை நெகிழ்த்திப் பாம்பை எடுத்துப் பானைக்குள் விட்டுத் துணியால் வாய் கட்டினார். அடித்துக் கொல்லச் சொல்லித் தெருவே கத்தியது. அவர் நம் அம்மாவிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “எம்மா, இது கோழிக்கு வந்ததில்ல, எலிக்கு வந்தது. நொய்ய அள்ளி மூடி வைங்க. இருட்டுல கைய விடாதீங்க.”

கோழியையும் பாம்பையும் ஒருசேர ஆராய்ந்த அறிவியலாளர் ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராகக் கர்நாடகப் பகுதியில் பணியாற்றிய பேட்ரிக் ரசல், சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய நூலை 1796-இல் வெளியிட்டார். எப்பாம்பு நச்சுடையது என்றறியக் கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டுப் பார்த்தவர் அவர். அந்நாளில் பேர்பெற்றிருந்த, பாடாணம் கலந்த ‘தஞ்சாவூர் மாத்திரை’யையும் சோதித்தார். அதற்கு நஞ்சை முறிக்கும் ஆற்றல் உண்டென்று அவரால் நிறுவ இயலவில்லை. கண்ணாடிவிரியனுக்கு அறிவியலில் அவர் பெயரே நிலைத்தது. மாத்திரை மறைந்தாலும் மந்திரிப்பு மறையவில்லை. கடிக்கும் பாம்புகளில் பல நஞ்சற்றவை, நச்சுப்பாம்பும் சிலவேளை நஞ்சைச் செலுத்தாமல் கடிப்பதுண்டு. இப்படிப் பிழைத்தவர்களெல்லாம் மந்திரிப்பவரின் கணக்கில் வரவாயினர்.

மெய்யான மருந்து 1890-களில் வந்தது. பாம்பு நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து எடுப்பது. அதற்கு முதலில் நஞ்சு வேண்டும், நஞ்சுக்குப் பாம்பு வேண்டும், பாம்புக்கு இருளர் வேண்டும். இருளரோ நெடுங்காலம் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்து வந்தவர்கள். 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1976-இன் தோல் ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை முடித்துவைத்தன. தடை நியாயமானதே. சாரைகள் தோலுக்காகக் கொல்லப்பட்டால் எலி பெருகும், நெல் அழியும். ஆனால் சட்டம் எழுதியவர்கள் இருளரின் அடுத்த வேளைச் சோற்றைப் பற்றி எழுதவில்லை. ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வனத்துறை உரிமத்தோடு பாம்பு பிடித்து, சில வாரம் வைத்திருந்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் நச்சுமுறி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்து செல்வது. 2023-இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாம் நினைத்துக்கொண்டது எங்கள் தெருவுக்கு வந்த அந்தப் பெரியவரை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. உலகப்போர்க் கணக்கைப் போலிருக்கிறது அல்லவா? பெரும்பாலோர் சிற்றூரார். தமிழக அரசு 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டியவற்றுள் சேர்த்தது.

நம் அம்மா இன்றும் கோழி வளர்க்கிறார். பஞ்சாரத்தைக் கைவிட்டு, தரையிலிருந்து இடுப்புயரத்தில் கூண்டு அமைத்தாயிற்று. கடையில் விற்கும் கோழிவலையின் கண் பெரிது. பாம்பு எளிதில் புகுந்துவிடும், விழுங்கிய பின் வயிறு பருத்து வெளியேற இயலாமல் உள்ளேயே கிடக்கும். காலையில் முட்டைக்குக் கை நீட்டுபவர் கதி என்ன? எனவே அரை அங்குலத்துக்கும் குறைந்த கண்ணுள்ள கம்பிவலை. நொய் தகர டப்பாவில். பொழுது சாயுமுன் முட்டை எடுத்தாக வேண்டும், தவறினால் கைவிளக்கின்றிக் கூண்டருகே போவதில்லை. நிலைப்படியில் ஆகாசகருடன் கிழங்கும் தொங்குகிறது. அதைப் பற்றி அம்மாவிடம் வாதிடும் துணிவு நமக்கில்லை.

அந்த இருளர் பெரியவர் காலமாகிப் பல்லாண்டுகள் ஆயின. அவருடைய பேரர் ஒருவர் நெல் ஆலையில் மூட்டை சுமக்கிறார். சென்ற ஆண்டு அவரைச் சந்தித்தபோது தாத்தாவின் தொழில் தெரியுமா என்று கேட்டோம். சிரித்தார். தடம் பார்க்கத் தமக்கு யாரும் சொல்லித் தரவில்லையாம். ஆலையில் பாம்பு வந்தால் அவரும் தீயணைப்பு நிலையத்துக்குத்தான் தொலைபேசுகிறாராம்.