கைப்பிடிக்குள் இருக்கிற திகதி

ஊர்காவற்றுறை, வேலணை, காரைநகர்ப் பக்கம் பழைய ஆக்களோட கதைச்சால் 'மலாயா' என்ற சொல் எப்படியும் வந்துவிடும். மலாயாப் பென்சன், மலாயாக் காசில் கட்டின வீடு, ரெயில்வேயில் கிளாக்கராக இருந்த அப்பப்பா. அந்தக் கதைகளில் 'யப்பான்காரன்ர காலம்' என்றொரு பகுதி இருக்கும். அதில் அநேகமாக ஒரு வாளும் இருக்கும். இடுப்பில் நீள வாள் தொங்க, சப்பாத்துச் சத்தத்தோடு வரும் ஒரு யப்பானிய அதிகாரி.

நான் இங்கே எழுதப்போவது அந்த வாளைப் பற்றி. அப்படி ஒரு வாள் கையில் கிடைத்தால் அதைச் செய்தவர் யார், செய்த காலம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வரலாறு படிக்கிற எவருக்கும் இது நல்ல பயிற்சி.

முதலில் பின்னணி. 1941 டிசம்பர் 8இல் யப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அதோடு மலாயாவில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த காசும் கடிதமும் நின்றுபோயின. மூன்றரை வருசம் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் இருந்த குடும்பங்கள் தீவகத்திலும் இருந்தன.

அந்தப் படையின் அதிகாரிகள் வைத்திருந்த வாளை 'ஷின்குந்தோ' என்பார்கள், புதிய இராணுவ வாள் என்று பொருள். அதற்கு முன்னர் யப்பானிய அதிகாரிகளும் ஐரோப்பியப் பாணி வாளைத்தான் தொங்கவிட்டார்கள். 1934இல் பழைய சாமுராய் வாளின் தோற்றத்துக்கு மாறினார்கள். இத்தனைக்கும் சாமுராய்கள் பொது இடத்தில் வாள் அணிவதை 1876இல் அரசே தடைசெய்திருந்தது. தேசியவாதம் உச்சத்துக்குப் போன காலத்தில் பழைய அடையாளம் திரும்ப வேண்டியிருந்தது.

வாளை வாசிக்க, அதன் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். கைப்பிடியையும் அலகையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரு சின்ன மூங்கில் ஆணி. அதைத் தட்டி எடுத்தால் உள்ளே மறைந்திருக்கிற அலகின் அடிப்பகுதி தெரியும். கொல்லர் தன் பெயரையும் ஊரையும் ஒரு பக்கத்தில் வெட்டியிருப்பார், மறுபக்கத்தில் திகதி இருக்கலாம். அங்கே இருக்கிற துருவைச் சுரண்டக் கூடாது. துருவின் நிறமும் தடிப்பும் வயதைச் சொல்லும் சாட்சி. மினுக்கித் துடைத்தால் சாட்சியும் போய்விடும்.

திகதியை எங்கட கணக்குக்கு மாற்றுவது சுலபம். 'சோவா' என்பது ஹிரோஹிதோ சக்கரவர்த்தியின் ஆட்சிக்காலப் பெயர். அந்த ஆண்டோடு 1925ஐக் கூட்டினால் சரி. சோவா 17 என்றிருந்தால் 1942. சில வாள்களில் அறுபது ஆண்டுச் சுழற்சியின் பெயர் இருக்கும். எங்கட பிரபவ, விபவ மாதிரித்தான். தென்மஞ்சூரிய ரெயில்வே கம்பனி செய்த வாள்களில் இந்த முறையைக் காணலாம். ஓம், ரெயில்வே கம்பனிதான், வாளும் செய்தது. 'கனோஏ தட்சு' என்று வெட்டியிருந்தால் அது 1940. நாங்கள் விக்கிரம வருசம் என்று சாதகத்தில் எழுதிய அதே ஆண்டு.

அடுத்தது முத்திரைகள். செக்கி என்ற ஊர் போர்க்காலத்தில் வாள் உற்பத்தியின் பெரிய மையம். அங்கே செய்த பல அலகுகளில் சின்ன முத்திரை குத்தியிருக்கும். அப்படியானவை பொதுவாகத் தொழிற்சாலை உருக்கில் செய்து, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கியவை. பழைய முறையில் தண்ணீரில்தான் தோய்ப்பார்கள். நட்சத்திர முத்திரை இருந்தால் கதை வேறு. அது இராணுவம் அங்கீகரித்த கொல்லர், மரபான உருக்கில் செய்த வாள்.

சாதாரண சார்ஜன்ட்மாருக்கு 1935 மாதிரியில் அரசே வாள் கொடுத்தது. அதில் கொல்லர் பெயர் இல்லை, அலகில் இலக்கம் மட்டும்தான். அதன் காலத்தைக் கைப்பிடியை வைத்து ஓரளவு மட்டுக்கட்டலாம். தொடக்கத்தில் செம்பு, பிறகு அலுமினியம், போர் முடியும் தறுவாயில் வெறும் மரம். உலோகத் தட்டுப்பாட்டை அந்தக் கைப்பிடியிலேயே பார்க்கலாம்.

இவ்வளவும் தெரிந்தாலும் அவசரப்பட்டு முடிவெடுக்க ஏலாது. கனேசாதா போன்ற ஒரே பெயரைப் பல தலைமுறைக் கொல்லர்கள் பாவித்திருக்கிறார்கள். புகழ்பெற்றவரின் பெயரைப் பொய்யாக வெட்டிய வாள்களும் ஏராளம். பரம்பரையாக வந்த பழைய அலகைப் புதிய இராணுவ உறைக்குள் போட்டுக்கொண்டு போருக்குப் போன அதிகாரிகளும் இருந்தார்கள். உறை 1940ஆம் ஆண்டு, அலகு பல நூறு வருசம் பழசு என்றும் இருக்கலாம்.

இதற்கு நல்ல உதாரணம் பேராதனையோடு தொடர்புள்ளது. தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டன் 1944 ஏப்ரலில் இருந்து பேராதனைப் பூங்காவில்தான் தலைமையகம் வைத்திருந்தார். யப்பான் சரணடைந்தபோது, அதிகாரிகள் பகிரங்கமாக வாளை ஒப்படைக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். மக்ஆர்தருக்கு இதில் உடன்பாடில்லை. 1945 செப்டெம்பர் 12இல் சிங்கப்பூரில் தெராவுச்சிக்குப் பதிலாகக் கையெழுத்திட்டவர் இத்தகாக்கி. தெராவுச்சி நோயில் கிடந்தார். நவம்பர் 30இல் சைகோனில் தெராவுச்சி இரண்டு வாள்களை மவுண்ட்பேட்டனிடம் கொடுத்தார். அவை போருக்காகச் செய்தவை அல்ல, பல நூற்றாண்டு பழமையான குடும்பச் சொத்து. இத்தகாக்கி தன் வாளை 1946 பெப்ரவரி 22இல் கோலாலம்பூரில் ஜெனரல் மெசர்வியிடம் ஒப்படைத்தார். இப்படிக் கைமாறிய ஆயிரக்கணக்கான வாள்கள் நினைவுப்பொருளாக உலகம் முழுக்கப் பரவின. சிலவற்றில் உரிமையாளரின் பெயர் எழுதிய சிறு மரத்துண்டு கட்டியிருந்தது. அது அறுந்து விழுந்த வாளில் கொல்லரைக் கண்டுபிடிக்கலாம், ஏந்தியவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சியாம்-பர்மா ரெயில்பாதை 415 கிலோமீற்றர், 1943 ஒக்ரோபரில் முடிந்தது. அதில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். காஞ்சனபுரி மயானத்தில் கிட்டத்தட்ட 7,000 பேருக்குக் கல்லறை உண்டு, பெரும்பாலானவற்றில் பெயரும் உண்டு. அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் ஏராளமானோர் மலாயாத் தோட்டங்களில் இருந்து கொண்டுபோன தமிழர். அது மதிப்பீடு மட்டும்தான், முழுமையான பெயர்ப்பட்டியல் இல்லை. ஒரு வாளில் அது செய்யப்பட்ட மாதம்கூட இருக்கிறது. அந்தப் பாதையில் செத்த பெரும்பாலானோருக்கு இறந்த நாள்கூட இல்லை.

எங்கட நிலைமையும் பெரிய வித்தியாசம் இல்லை. 1990 இடப்பெயர்வில் தீவகத்து வீடுகளோடு எத்தனையோ மலாயாக் கடிதங்களும் படங்களும் போய்விட்டன. மிச்சம் இருப்பவற்றையாவது பார்ப்போம். வாளுக்குக் கேட்கிற அதே கேள்விகளை அம்மம்மாவின் அலுமாரியில் இருக்கிற படத்துக்கும் கேட்கலாம். பின்பக்கத்தில் ஸ்ரூடியோ முத்திரை இருக்கா? எந்த ஊர்? நிற்பவர் யார்? சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள். சொல்லக்கூடிய ஆள் இருக்கும்போதே கேட்டு, பெயரையும் ஆண்டையும் பென்சிலால் மெதுவாகப் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். பேனையால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும்.