கல்லூரித் தண்டனையும் விசாரணை உரிமையும்: ஒரு சிறு வரலாறு

காட்டேரிக்குப்பத்தில் எம் சமுதாயப் பிள்ளைகள் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். அத்தகைய வீட்டிற்குக் கல்லூரியிலிருந்து பதிவுத் தபால் வந்தால், அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடித் தெருத்தெருவாக அலைந்த காலத்தை நாம் மறக்கவில்லை. 'ஒழுங்கீனம்' என்ற ஒற்றைச் சொல்லோடு மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்தனுப்பியதும் உண்டு. பையன் செய்தது யாது, கண்டவர் யார் என்று பெற்றோர் கேட்டதில்லை, கைகூப்பித் திரும்பினர். கேட்கும் உரிமை எவ்வாறு பிறந்தது என்பதையே ஈண்டு எழுதுகின்றோம்.

அரசு ஊழியரை விசாரணையின்றி நீக்கலாகாது என்று நம் அரசியலமைப்பின் 311ஆம் விதி கூறுகின்றது. மாணவருக்கு அவ்வாறு எழுதிய விதி ஏதுமில்லை. முதல்வர் தந்தைக்கு ஒப்பானவர். தந்தை கண்டிப்பதற்கு விசாரணை எதற்கு என்பதே நெடுங்கால எண்ணமாக இருந்தது.

அவ்வெண்ணத்தை அசைத்தவர்களுள் முன்னின்றோர் அமெரிக்கக் கறுப்பின மாணவர்கள். 1960 பிப்ரவரி 25 அன்று, அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளச் சிற்றுண்டிச் சாலையில் 29 மாணவர்கள் நுழைந்து உணவு கேட்டனர். (தனிக்குவளைத் தேநீர்க் கடைகளைக் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.) உணவு மறுக்கப்பட்டது. சில நாட்களில் அவர்தம் அலபாமா அரசுக் கல்லூரி ஒன்பது பேரை நீக்கியது. இருபது பேரைக் கண்காணிப்பில் வைத்தது. நீக்கக் கடிதத்தில் குற்றம் இன்னதென்று தெளிவாக எழுதப்படவில்லை. எவரும் அவர்களை அழைத்துக் கேட்கவுமில்லை. கீழ் நீதிமன்றம் கல்லூரியின் பக்கமே நின்றது. 1961 ஆகஸ்டு 4 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. குற்றச்சாட்டைக் குறிப்பிட்டு அறிவிப்புத் தருக. சாட்சியின் பெயரையும் அவர் கூறியதையும் தெரிவிக்க. மாணவன் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க என்பது தீர்ப்பின் சாரம். டிக்சன் வழக்கு என அறியப்படும் இது அந்நாட்டுக் கல்லூரிகளுக்கு வழிகாட்டியாயிற்று. அம்மாணவர்களின் பதிவேட்டிலிருந்து நீக்கக் குறிப்பு அகற்றப்பட்டதோ 2018இல்தான்!

ஏறத்தாழ அதே வேளையில் நம் உச்சநீதிமன்றமும் பேசியது. உத்தரப் பிரதேசத் தேர்வுக் குழு, 1954ஆம் ஆண்டு இண்டர்மீடியட் தேர்வில் முறைகேடு செய்தனர் என்று மூன்று மாணவரின் தேர்ச்சியை ரத்து செய்திருந்தது. அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டத்தில் விசாரணை பற்றி ஏதும் கூறப்படாவிடினும், எதிர்காலத்தையே பாதிக்கும் முடிவுக்கு முன் கேட்டேயாக வேண்டும் என 1962இல் கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் தீர்ப்பாயிற்று.

ஆயினும் இவ்வுரிமைக்கு எல்லையுண்டு. ராஞ்சி மருத்துவக் கல்லூரியில், மகளிர் விடுதியில் தகாதவாறு நடந்ததாக மாணவர் நால்வர் மீது புகார் எழுந்தது. மாணவியரின் வாக்குமூலம் அவர்கள் இல்லாதபோதே பெறப்பட்டது. 1973இல் உச்சநீதிமன்றம் அதனைத் தவறெனக் கொள்ளவில்லை. எம் பெண்மக்களை எண்ணும்போது நாமும் உடன்படுகின்றோம். ஆனால் அஞ்சும் பெண்ணின் பெயரை மறைப்பது வேறு. பெயரே இல்லாத கடிதத்தை நம்புவது வேறு. 2015இல் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் அங்கீகாரம் இழந்தது அத்தகைய கடிதத்தைத் தொடர்ந்தே. எதிர்ப்புக்குப் பின் அது மீண்டும் வழங்கப்பட்டது.

விசாரணைக் குழு இருந்தும் நியாயம் கிடையாமற்போவதை ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் கண்டோம். 2015இல் அம்பேத்கர் மாணவர் சங்கத்து ஆய்வாளர் ஐவர் மீது நடவடிக்கை எடுத்தனர். இறுதியில் விடுதியினின்று நீக்கினர். 2016 ஜனவரியில் அவர்கள் வளாகத்திலேயே திறந்த வெளியில் கூடாரமிட்டுத் தங்கி, அதற்கு 'வெலிவாடா' எனப் பெயரிட்டனர். தெலுங்கில் அதன் பொருள் சேரி. ஜனவரி 17 அன்று அவர்களுள் ஒருவரான ரோகித் வேமுலா உயிர் துறந்தார்.

இப்போது கல்லூரித் தபால் வந்த வீட்டார் மாலையில் எம் சங்க அலுவலகத்திற்கு வருகின்றனர். கடிதத்தைப் படித்துக் காட்டி, குற்றம் இன்னதென்று எழுதியிருக்கிறதா என முதலில் பார்க்கின்றோம். இல்லையெனில், அதனைக் கேட்டு மறுமொழி எழுதித் தருகின்றோம்; நகல் ஒன்று எம் கோப்பில் இருக்கும்.