முதியோர் இல்லமும் தேர்வுரிமையும்: ஒரு சிறு வரலாறு

புணேயில் தனியே வசிக்கும் என் அத்தைக்காகச் சென்ற மாதம் இரண்டு 'அசிஸ்டெட் லிவிங்' குடியிருப்புகளைப் பார்க்கச் சென்றிருந்தோம். அவற்றுள் ஒன்றின் சேர்க்கைப் படிவத்தில் 'பொறுப்பாளர்' என்ற தலைப்பின்கீழ் ஒரு முழுப் பக்கம் இருந்தது. குடியேறப்போகும் அத்தைக்கோ பெயர், வயது, நோய்கள் என மூன்றே கட்டங்கள். அவர் கையொப்பமிட இடமில்லை. இந்த விடுபடலுக்கு ஒரு வரலாறு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தியாவில் நவீன முதியோர் இல்லத்தின் தொடக்ககால வடிவங்கள் அறப்பணி சார்ந்தவை. 1839இல் பிரான்சில் ஜான் ஜுகன் என்ற பெண்மணி, பார்வையிழந்த ஒரு மூதாட்டியைத் தம் இருப்பிடத்துக்கு அழைத்துவந்து தம் படுக்கையையே அளித்தார். அதிலிருந்து வளர்ந்த 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' துறவுச் சபை 1882இல் கல்கத்தாவில் ஓர் இல்லத்தைத் திறந்தது. ஆதரவற்ற முதியோருக்கு அது அடைக்கலம். யாரைச் சேர்ப்பது என்பதை இல்லமே தீர்மானித்தது. அடைக்கலம் தேடி வருபவர் நிபந்தனை விதிப்பதில்லை.

விடுதலைக்குப் பின் சட்டம் குடும்பத்தை நோக்கியே பேசியது. 1956ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு, பராமரிப்புச் சட்டமும் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மீது வைத்தன. மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் இல்லங்களையும் குறிப்பிடுகிறது. அதன் 19ஆம் பிரிவின்படி, மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்று எனத் தொடங்கி, வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசு நிறுவலாம். வினைமுற்றைக் கவனியுங்கள்: 'நிறுவலாம்', 'நிறுவ வேண்டும்' என்றில்லை. 'வறிய' என்ற பெயரடையையும் கவனியுங்கள். ஓய்வூதியம் பெறும் என் அத்தை அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறார்.

அவருக்கான குடியிருப்பைச் சந்தை உருவாக்கியது. புணே, பெங்களூரு, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில், பிள்ளைகள் அயல்நாட்டில் வாழும் நடுத்தரக் குடும்பங்களை நம்பி அவை பெருகின. ஒன்றிய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டது. சறுக்காத தரை, சக்கர நாற்காலி நுழையும் வாசல், கட்டுநரும் சேவை வழங்குநரும் வீடு பெறுபவரும் செய்துகொள்ளும் முத்தரப்பு ஒப்பந்தம் ஆகியவை அதில் உள்ளன. மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அவற்றுக்கு வலு. வீட்டைப் பெறுபவர் மகனாகவும் அதில் வாழ்பவர் தாயாகவும் இருந்தால், ஒப்பந்தத்தில் ஒலிப்பது பெரும்பாலும் மகனின் குரலே.

'அசிஸ்டெட் லிவிங்' என்ற தொடரோ வேறொரு கோரிக்கையிலிருந்து பிறந்தது. அதன் முன்னோடிகளுள் ஒன்று, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1980களின் முற்பகுதியில் கெரன் பிரவுன் வில்சன் அமைத்த குடியிருப்பு. பக்கவாதத்துக்குப் பின் பராமரிப்பு நிலையத்தில் வாழ நேர்ந்த அவருடைய தாய் விரும்பியவை எளியவை: தனக்கென ஒரு சிறு சமையலறை, ஒரு குளியலறை, தானே பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரு கதவு. ஆகவே அக்குடியிருப்பில் வாழ்ந்தோர் வாடகைதாரர்களாகவே கருதப்பட்டனர். கதவின் சாவி அவர்களிடம் இருந்தது. அத்தொடர் நம்மிடம் வந்தபோது செவிலியரும் அழைப்பு மணியும் ஆம்புலன்சும் உடன் வந்தன. சாவியைப் பற்றி நாங்கள் வாங்கிய விளக்கக் கையேடுகள் எதுவும் பேசவில்லை.

எனவே இல்லம் தேடுவோர் கட்டணத்தோடு வேறு சிலவற்றையும் கேட்டறிய வேண்டும். அறையை உள்ளிருந்து தாழிடலாமா? உண்ணும் நேரத்தை அவரே முடிவு செய்யலாமா? உடல்நிலை தளர்ந்தால் எங்கே மாற்றுவது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? வெளியேற விரும்பினால் அவர் எழுதிக்கொடுப்பது மட்டும் போதுமா?

அத்தை படிவத்தின் அடியில் தாமே ஒரு கோடு வரைந்து, அதன்மேல் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறார். அலுவலகத்தின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.