சத்யஜித் ரே: எடுத்த படங்கள் 36... எடுக்காமல் போனவை என்னென்ன?

ஒரு கிராமத்துத் தாமரைக் குளத்தில் விண்கலம் ஒன்று வந்து இறங்குகிறது. தண்ணீருக்கு மேலே அதன் கூம்பு மட்டும் தெரிய, பூமிக்குள்ளிருந்து கோயில் கிளம்பி வந்துவிட்டது என்று ஊரே கும்பிடுகிறது. உள்ளே இருக்கும் குட்டி ஏலியனோ ஊரில் இருக்கும் ஓர் ஏழைச் சிறுவனோடு ஃப்ரெண்ட் ஆகிவிடுகிறது.

'அட, நம்ம இ.டி. மாதிரி இருக்கே!' என்று தோன்றுகிறதா? ஆனால், இந்தக் கதை எழுதப்பட்டது 1967-ல். ஸ்பீல்பெர்க்கின் 'இ.டி.' வந்ததோ 1982-ல். எழுதியவர் கொல்கத்தாக்காரர் சத்யஜித் ரே. அவர் கடைசிவரை எடுக்க முடியாமல் போன படங்களில் இதுதான் அதிகம் பேசப்பட்டது.

ரே என்றதும் எல்லோரும் 'பதேர் பாஞ்சாலி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர் என்னவெல்லாம் எடுத்தார், எதையெல்லாம் எடுக்க ஆசைப்பட்டு விட்டார் என்பதை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம் வாங்க.

விளம்பரக் கம்பெனியிலிருந்து சினிமாவுக்கு

1921 மே 2-ம் தேதி கொல்கத்தாவில் பிறந்தவர் ரே. தாத்தா உபேந்திரகிஷோர், அப்பா சுகுமார் ரே இருவருமே குழந்தைகளுக்காக எழுதிய பெரிய எழுத்தாளர்கள். ரேவுக்கு இரண்டரை வயது இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார்.

1943-ல் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஓவியராக வேலைக்குச் சேர்ந்தார். கூடவே புத்தக அட்டைகளும் வரைந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோதுதான், இதை சினிமாவாக எடுக்கலாமே என்ற எண்ணம் வந்தது. 1950-ல் ஆபீஸ் வேலையாக லண்டன் போன இடத்தில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்தார். ஸ்டூடியோ செட், ஸ்டார் நடிகர்கள் எதுவும் இல்லாமல் படம் எடுக்க முடியும் என்ற தைரியம் அங்கேதான் கிடைத்தது.

1952-ல் ஷூட்டிங் ஆரம்பம். வெள்ளை நாணல் பூக்கள் நிறைந்த வயலில் அக்காவும் தம்பியும் ரயில் பார்க்க ஓடும் காட்சிதான் முதலில். ஒரு நாள் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பூக்களை எல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! மீண்டும் பூப்பதற்காக அடுத்த சீஸன் வரை காத்திருந்தார்கள். நடுவில் பணம் தீர்ந்து, மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுக்க, 1955-ல் படம் வெளியானது. 1956-ல் கேன்ஸ் விழாவில் விருதும் வாங்கியது.

எடுத்த படங்கள்: ஒரு க்விக் ரவுண்ட்

கதைப் படங்கள், ஆவணப்படங்கள், குறும்படங்கள் எல்லாம் சேர்த்து ரே இயக்கியவை 36.

அபு வரிசை: 'பதேர் பாஞ்சாலி' (1955), 'அபராஜிதோ' (1956), 'அபுர் சன்சார்' (1959). அபு என்ற சிறுவன் வளர்ந்து அப்பாவாகும் வரையிலான கதை. இதில் 'அபராஜிதோ' 1957-ல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கம் விருதை வென்றது.

பெண்களின் உலகம்: வேலைக்குப் போகும் மருமகளின் கதையான 'மகாநகர்' (1963), தாகூரின் குறுநாவலிலிருந்து எடுத்த 'சாருலதா' (1964).

நகரத்து இளைஞர்கள்: 'பிரதித்வந்தி' (1970), 'சீமாபத்தா' (1971), 'ஜன ஆரண்யா' (1976). வேலை தேடி அலைவது, ஆபீஸ் அரசியல், காசுக்காக எவ்வளவு தூரம் இறங்கலாம் என்ற தடுமாற்றம்... இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

குழந்தைகளுக்கு: 'கூப்பி கைன் பாகா பைன்' (1969). கூடவே, தான் எழுதிய துப்பறியும் நாயகன் ஃபெலுடாவை வைத்து 'சோனார் கெல்லா' (1974).

இந்தியில்: 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977), தொலைக்காட்சிக்காக எடுத்த 'சத்கதி' (1981). இரண்டுமே பிரேம்சந்தின் சிறுகதைகள்.

கடைசிப் படம் 'ஆகந்துக்' (1991). 1961-ன் 'தீன் கன்யா'விலிருந்து தன் கதைப் படங்களுக்கு இசையும் இவரே!

பத்து வருஷம் காத்திருந்த 'பாலா'

ரேவின் பட்டியலில் நமக்கு நெருக்கமான ஒரு படம் உண்டு. 1935-ல், 14 வயதுப் பையனாக இருந்தபோது, கொல்கத்தாவில் பாலசரஸ்வதியின் பரதநாட்டியத்தைப் பார்த்தார் ரே. அவரைப் பற்றி ஒரு படம் எடுக்க 1966 வாக்கிலேயே திட்டமிட்டார். ஆனால், அது நடந்தது என்னவோ 1976-ல்தான். தமிழ்நாடு அரசும் மும்பையின் தேசிய நிகழ்த்துகலை மையமும் சேர்ந்து தயாரித்த அந்த ஆவணப்படம்தான் 'பாலா'. கடற்கரையில் காற்று புடவையை அலைக்கழிக்க, 58 வயது பாலசரஸ்வதி 'கிருஷ்ணா நீ பேகனே' பாடலுக்கு ஆடுவார். அவரது ஆட்டத்தைக் காட்டும் மிகச் சில திரைப்பதிவுகளில் அதுவும் ஒன்று. இந்தப் படமும் கைகூடாமல் போயிருந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

எடுக்காமல் போனவை

ரவிசங்கர்: 'பதேர் பாஞ்சாலி'க்கு முன்பே, சிதார் மேதை ரவிசங்கரைப் பற்றிய ஆவணப்படத்துக்காக ஷாட் ஷாட்டாக ரே படம் வரைந்து வைத்திருந்தார். படம் வரவே இல்லை. அந்த ஓவியங்கள் மட்டும் 2014-ல் புத்தகமாக வெளிவந்தன.

மகாபாரதம்: 1950-களின் கடைசியில் இதை யோசித்தார். முழுக் கதையும் இல்லை. சூதாட்டக் காட்சியை மட்டும். ஆனால், கதை தெரியாத வெளிநாட்டு ரசிகனுக்கு யார் யாருக்கு என்ன உறவு என்று எப்படிப் புரியவைப்பது? அந்தச் சிக்கல் தீரவே இல்லை.

எ பேசேஜ் டு இந்தியா: ஈ.எம்.ஃபார்ஸ்டரின் இந்த நாவலை எடுக்க ஆசைப்பட்டு, 1966-ல் கேம்பிரிட்ஜுக்கே போய் அவரைச் சந்தித்தார். ஃபார்ஸ்டர் உரிமை தர மறுத்துவிட்டார். அவர் இறந்தபிறகு, 1984-ல் டேவிட் லீன் அதைப் படமாக்கினார். அதில் டாக்டர் அஸீஸாக நடித்தவர், ரேவின் படங்களில் நடித்த விக்டர் பானர்ஜி.

'தி ஏலியன்': நடந்தது என்ன?

ரே 1962-ல் எழுதிய 'பங்குபாபுவின் நண்பன்' என்ற சிறுகதைதான் இதன் விதை. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கிடம் ரே இந்த ஐடியாவைச் சொல்ல, இலங்கையில் கிளார்க்கோடு இருந்த மைக் வில்சனுக்கு விஷயம் போனது. வில்சன் கொல்கத்தாவுக்கே வந்துவிட்டார். அவர் கொடுத்த உற்சாகத்தில் சில வாரங்களில் திரைக்கதை ரெடி. கொலம்பியா பிக்சர்ஸ் முன்வந்தது. மார்வாடி வியாபாரி வேடத்துக்கு பீட்டர் செல்லர்ஸ்!

ஆனால், ஹாலிவுட்டில் போய் இறங்கிய ரேவுக்கு அதிர்ச்சி. அங்கே பலர் கையிலும் சுற்றிக்கொண்டிருந்த திரைக்கதைப் பிரதியில் 'காப்புரிமை: மைக் வில்சன், சத்யஜித் ரே' என்றிருந்தது. எழுதியதோ ரே மட்டும். தனக்கு வரவேண்டிய முன்பணமும் கைக்கு வரவில்லை என்று ரே பின்னாளில் எழுதினார். செல்லர்ஸும் விலகினார். வில்சன் விலகினால் படம் பண்ணலாம் என்று கொலம்பியா சொல்லிப் பார்த்தது. இழுபறி நீண்டு, ப்ராஜெக்ட் அப்படியே கிடப்பில் போனது.

'இ.டி.' வந்தபோது, தன் திரைக்கதையின் பிரதிகள் அமெரிக்காவில் சுற்றாமல் இருந்திருந்தால் அந்தப் படம் சாத்தியமாகியிருக்காது என்றார் ரே. ஸ்பீல்பெர்க் அதை மறுத்தார். ரே கோர்ட்டுக்குப் போகவில்லை. இரண்டு தரப்பிலும் யார் சொல்வது சரி என்ற விவாதம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால், எழுதியவரின் கட்டுப்பாட்டைத் தாண்டி ஸ்கிரிப்ட் கைமாறினால் என்ன ஆகும் என்பதில் விவாதமே இல்லை. கதை எழுதும் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டிய இடம் இது.

நின்று போனதும் நல்லதுக்கே!

கைவிட்டுப் போனதெல்லாம் இழப்பும் இல்லை. தாகூரின் 'கரே பாய்ரே' நாவலுக்கு 1940-களிலேயே ரே திரைக்கதை எழுதிவிட்டார். தயாரிப்புத் தரப்பு மாற்றங்கள் கேட்க, இவர் மறுக்க, படம் நின்றது. பல வருடம் கழித்து அந்தத் திரைக்கதையை எடுத்துப் படித்த ரேவுக்கே அது மேலோட்டமாகத் தெரிந்தது. 'நல்லவேளை, எடுக்கல' என்ற நிம்மதி! புதிதாக எழுதி 1984-ல் படமாக்கினார். அந்த வேலையின் நடுவே, 1983-ல், மாரடைப்பு வந்தது. மகன் சந்தீப் துணையோடு படம் முடிந்தது.

1992-ல் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே கௌரவ ஆஸ்கரை வாங்கினார் ரே. அதே ஆண்டு பாரத ரத்னாவும் வந்தது. ஏப்ரல் 23 அன்று மறைந்தார். அப்போது அவர் கையில் இருந்த திரைக்கதை 'உத்தரண்'. சொற்பொழிவுக்காகக் காரில் கிளம்பும் ஒரு நகரத்து டாக்டர், வழியில் டயர் பஞ்சராகி, மருத்துவ வசதியே இல்லாத கிராமத்தில் மாட்டிக்கொள்ளும் கதை. அப்பா எழுதி வைத்த அதை, சந்தீப் ரே 1994-ல் படமாக்கினார்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ரே படம் என்றாலே ஸ்லோ என்று பயப்படுபவர்கள் 'சோனார் கெல்லா'விலிருந்து தொடங்கலாம். அடுத்து 'மகாநகர்', பிறகு அபு வரிசை. அபு படங்களின் ஒரிஜினல் நெகட்டிவ்கள் 1993-ல் லண்டனில் நடந்த தீ விபத்தில் கருகின. எஞ்சியதை ஃபிரேம் ஃபிரேமாகச் சரிசெய்து, 2015-ல் புதுப் பொலிவோடு மீட்டெடுத்தார்கள். எடுத்த படத்தைக் காப்பாற்றுவதுகூட இவ்வளவு கஷ்டம். பார்ப்பது நமக்கு ஈஸிதானே?