அக்காவின் இடுப்பு

கரிசல், வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் பொய்த்த வருடங்களில் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரக் குடும்பங்கள் தீப்பெட்டி ஆபீஸை நம்பின. 1923இல் சிவகாசியில் தொடங்கிய இத்தொழிலுக்குக் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பெண்களும் பிள்ளைகளும் தேவைப்பட்டார்கள். விடியுமுன் ஊருக்குள் வந்த பேருந்துகளில் ஏறிய பிள்ளைகளில் பெரும்பாலோர் சிறுமிகள். 1983இல் ஸ்மிது கோத்தாரியின் கட்டுரையும், 1990இல் சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படமும் அவர்களை வெளியுலகுக்குக் காட்டின.

கூலி கிடைத்த வேலை பதிவானது. தம்பி தங்கையை இடுப்பில் சுமந்த வேலை?

1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில் ஜான் பௌல்பி, குழந்தையின் மனநலத்துக்குத் தாயுடனோ தாய்க்கு ஈடான ஒருவருடனோ கனிவான, தொடர்ச்சியான உறவு வேண்டும் என்றார். அந்த ‘ஒருவர்’ பல சமூகங்களில் மூத்த பிள்ளையே என்று 1977இல் வைஸ்னரும் காலிமோரும் எடுத்துக்காட்டினர். கரிசலில் அது அக்கா. அழும் தம்பி அவளைத் தேடினான். அவள் அழுதால் யாரைத் தேடுவாள்? தாய் அந்நேரம் காட்டிலோ ஆபீஸிலோ இருந்தாள்.

தாயைக் குறை சொல்வது எளிது. சட்டத்தைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அது முப்பதாகக் குறைந்தது. சிறு பட்டறைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் வேலை செய்த பெண்கள் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பில் குழந்தைகளைத் தடை செய்தது. குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கும் அளித்தது. பிள்ளை பார்ப்பதை அது வேலையாகவே கருதவில்லை.

மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு 1972இல் பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகள் குறித்து அறிக்கை தந்தது. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் பிறந்து அங்கன்வாடிகள் வந்தன. ஆனால் அங்கன்வாடி பிற்பகலோடு முடிகிறது. தாயின் வேலை பொழுது சாயும்வரை நீள்கிறது. இடைப்பட்ட நேரத்தை நிரப்ப வீட்டில் ஒரு சிறுமி இருப்பாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

குழந்தையின் மன வளர்ச்சியை ஆராய்பவர்கள் கைக்குழந்தையோடு, அதைச் சுமக்கும் குழந்தையையும் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கன்வாடியின் நேரம் தாயின் வேலை நேரத்தோடு பொருந்தும்வரை, அக்காக்கள் பள்ளியைவிட்டு நிற்பதற்குத் தாயைக் கேள்வி கேட்க நமக்கு உரிமையில்லை.