ஆர்ட்டிஃபிசர்

இந்தியக் கடற்படையில் நான் இருந்த காலமெல்லாம் என் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்த சொல் ‘ஆர்ட்டிஃபிசர்’. விடுமுறையில் ஊருக்கு வந்தால் “கப்பல்ல மெக்கானிக்கா தம்பி?” என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தப் பெயரின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். கொத்தன், தச்சன், கொல்லன், தறிக்காரன் என்று கைத்தொழில் செய்த அத்தனை பேருக்கும் பழைய இங்கிலாந்தில் அது பொதுப்பெயர். 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், பித்தளையும் இரும்பும் அடிப்பவர்களுக்குக் குருவாகச் சொல்லப்படும் தூபால்காயீன் கதையில் அது வருகிறது. இன்றைய ஆங்கிலப் பேச்சில் அதைக் கேட்க முடியாது.

அந்தப் பெயரிலேயே ஒரு சட்டம் இருந்தது. முதலாம் எலிசபெத் காலத்தில், 1563-இல் வந்தது. ஒரு தொழிலைச் செய்ய வேண்டுமானால் குறைந்தது ஏழு வருடம் ஒரு மேஸ்திரியிடம் தொழில் பழகியிருக்க வேண்டும். கூலியை நிர்ணயிப்பது உள்ளூர் நீதிபதிகள். கோடைக்காலத்தில் காலை ஐந்து மணிக்கு வேலைக்கு வந்தால் இரவு ஏழு, எட்டு வரை வேலை. சாப்பாடு, இளைப்பாறல் எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கூடாது. வராத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு பென்னி பிடித்தம். நிர்ணயித்ததற்கு மேல் கூலி கொடுத்த முதலாளிக்குப் பத்து நாள் சிறையும் ஐந்து பவுண்டு அபராதமும். வாங்கிய தொழிலாளிக்கு இருபத்தொரு நாள் சிறை. கொடுத்தவனை விட வாங்கியவனுக்கு இரண்டு மடங்கு சிறை! யாருக்காக எழுதிய சட்டம் என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

ஆனாலும் அதே சட்டத்தின் ஏழு வருடப் பயிற்சியைத் தொழிலாளர்கள் விரும்பினார்கள். அரைகுறையாகக் கற்றவனை முதலாளிகள் குறைந்த கூலிக்கு வைத்துத் தங்கள் பிழைப்பைக் கெடுப்பதை அது தடுத்தது. கூலிப் பிரிவுகள் 1813-இல் நீக்கப்பட்டன. பயிற்சிப் பிரிவையும் எடுக்கப் போகிறார்கள் என்றதும், வேண்டாம் என்று நாடாளுமன்றத்துக்குப் போன மனுக்களில் சுமார் மூன்று லட்சம் கையெழுத்துகள். எடுத்துவிடச் சொன்னவர்கள் இரண்டாயிரம் பேர்தான். 1814-இல் எடுத்துவிட்டார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இதற்கிடையே அந்தப் பெயர் பட்டாளத்துக்குப் போயிருந்தது. பிரிட்டன் வசம் இருந்த ஜிப்ரால்டரில் கோட்டை வேலைக்குக் கூலிக்கு வந்த கைவினைஞர்கள் நினைத்தபோது கிளம்பிப் போய்விடுவார்கள்; படை விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்தாது. அதனால் 1772-இல் கல் தச்சர், கொத்தர், சுண்ணாம்பு சுடுபவர், கொல்லர், தச்சர் ஆகியோரையே சிப்பாய்களாகச் சேர்த்து ‘ஆர்ட்டிஃபிசர் கம்பெனி’ தொடங்கினார்கள்.

அதில் ஆரம்பத்திலேயே சேர்ந்தவர் ஹென்றி இன்ஸ். சுரங்க வேலை தெரிந்தவர். 1779-இல் ஸ்பெயினும் பிரான்ஸும் ஜிப்ரால்டரை முற்றுகையிட்டன. பாறையின் வடமுகத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு மேட்டில் பீரங்கி வைத்தால் எதிரி வரிசையை நேராகத் தாக்கலாம். அங்கே போகத்தான் வழியில்லை. பாறைக்குள்ளேயே குடைந்து போகிறேன் என்றார் இன்ஸ். 1782 மே மாதம் வேலை தொடங்கியது. சம்மட்டி, கடப்பாரை, வெடிமருந்து, இவ்வளவுதான் கருவி. ஐந்து வாரத்தில் சுமார் 82 அடி உள்ளே போய்விட்டார்கள். வெடிப்புகை வெளியேற வழியில்லாமல் ஆட்களுக்கு மூச்சு முட்டியது. காற்றுக்காகப் பக்கவாட்டில் பாறையை உடைத்து ஒரு ஓட்டை போட்டார்கள். திறந்து பார்த்தால், எதிரிப் படை நேர் கீழே! மேட்டுக்குப் போய்ச் சேரும்வரை காத்திராமல் அந்த ஓட்டையிலேயே பீரங்கியை ஏற்றினார்கள். அதன் பிறகு அதுபோலவே வரிசையாகத் துவாரங்கள் போடப்பட்டன. அந்தக் குகைகளை இன்றும் பயணிகள் நடந்து பார்க்கிறார்கள்.

தரைப்படையில் அந்தக் கூட்டம் பல பெயர்கள் மாறி, 1856-இல் ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவோடு கலந்துவிட்டது. பிரிட்டிஷ் கடற்படையில் நீராவி இன்ஜின்கள் பெருகவே, 1868-இல் ‘இன்ஜின் ரூம் ஆர்ட்டிஃபிசர்’ பதவியை உண்டாக்கினார்கள். வெளியே தொழில் கற்று வந்த ஃபிட்டர்களையும் பாய்லர் செய்பவர்களையும் அதில் சேர்த்தார்கள். பிறகு, நாமே உருவாக்குவோம் என்று 1903-இல் சிறுவர்களை எடுத்துப் பல வருடம் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த வழக்கம்தான் லோனாவாலாவில் இருக்கும் ஐ.என்.எஸ். சிவாஜி வரை வந்து, என் கையிலும் ஒரு அரத்தைக் கொடுத்தது.

அங்கே முதலில் கொடுப்பது ஒரு இரும்புத் துண்டு. ஹாக்ஸா வைத்து அறுத்த கரடுமுரடான துண்டு. அதை வைஸில் பிடித்து நான்கு முகமும் சதுரமாக வரும்வரை ராவ வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார் இன்ஸ்ட்ரக்டர்; இடுக்கில் துளி வெளிச்சம் தெரிந்தாலும் துண்டு திரும்பி வந்துவிடும். உள்ளங்கை காய்த்து, அரம் ஆடாமல் நேராகப் போகும்வரை வேறு வேலை கிடையாது. பின்னால் நடுக்கடலில் ஒரு பம்ப் நின்றுபோய், உதிரி பாகம் கையில் இல்லாமல், பித்தளைக் கட்டியிலிருந்து ஒரு புஷ்ஷைக் கடைந்து பொருத்தினேன். அப்போது எனக்குக் கைகொடுத்தவை அரம் பிடித்த அந்த மாதங்கள்தான்.

பயிற்சிக் காலத்தைக் குறைப்பதைச் சீர்திருத்தம் என்று இன்று பேசுகிறார்கள். 1814-இலும் அப்படித்தான் பேசினார்கள். உங்கள் வீட்டில் ஐ.டி.ஐ.-யில் ஃபிட்டர் படிக்கும் பிள்ளை இருந்தால், இத்தனை நாளாக இரும்பை ராவிக்கொண்டேதான் இருக்கிறாயா என்று கேட்காதீர்கள். ராவட்டும், விடுங்கள்.